விரும்பினால் இணைக்கலாம்

விண்ணப்பப் படிவத்தின் நாலாம் பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே அந்த வரி இருந்தது. 'விண்ணப்பதாரர் விரும்பினால் தம்மைப் பற்றிய ரெஸ்யூம் ஒன்றை இணைக்கலாம்.'

கட்டாயம் என்றால் வைத்துத் தொலைக்கலாம். கூடாது என்றால் விட்டுத் தொலைக்கலாம். இந்த 'விரும்பினால்' என்ற சொல்தான் எனக்கு ஆகாது. பேரம் நடக்கிற வீட்டில் பிறந்து, பேரம் நடக்கிற கடையில் தவழ்ந்தவன் நான். "பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்கிற வண்டிக்காரரின் வண்டியில் இன்றுவரை ஏறியதில்லை. இஷ்டம் என்று ஒருவர் நம் கையில் கொடுத்தால், பிடி அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

படிவம் என் மகளுடையது. செயற்கைக் கால், கால் தாங்கி, இடுப்புப் பட்டை இவற்றையெல்லாம் அளவெடுத்துச் செய்யச் சொல்லித்தரும் நான்கு வருடப் படிப்பு. மொத்தமே இருபத்துநாலு இடம். அவள் வாங்கிய மார்க் அதற்குத் தாராளமாகப் போதும். இடித்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் என் செருப்புக் கடையில் இருந்தாள்.

காரணம் நான்தான். கிடங்கு ஏணியில் ஏறி, மேல்தட்டில் இருந்த பெட்டியை எட்டப் போய், பெட்டியோடு சேர்ந்து இறங்கினேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடுப்பெலும்பு போயிற்று. "மூணே மாசம் கடையப் பாத்துக்கோ பாப்பா, அப்புறம் நீ காலேஜுக்குப் போ" என்றேன். எட்டாவது மாதம் நான் கைத்தடியோடு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே அவளைப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வந்த பிறகு கடைக்கு ஒரு களை வந்திருந்தது. ஒருமுறை வந்தவர்கள் அத்தையையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காத பொருளுக்கு விலை சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அவள் வியாபாரம் செய்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் என் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து கடையைப் பூட்டியிருப்பார். நான் முப்பது வருடமாக ஆளை உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் அளந்து, அந்த அளவில் பெட்டியை எடுப்பவன். அவள் ஆளை நிற்க வைப்பாள். இரண்டு காலையும் அளப்பாள். குனிந்து, விரல் இடுக்கைப் பார்த்து, குதிகாலைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்ப்பாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் வந்தால் இன்னும் மோசம்.

"ஐயா, இப்ப வாங்காதீங்க. சாயங்காலம் வாங்க. நாள் முழுக்க நடந்தா பாதம் கொஞ்சம் வீங்கும். இப்ப சரியா இருக்கறது அப்பக் கடிக்கும்."

பையிலிருந்து பணத்தை வெளியே எடுத்துவிட்ட மனிதரைத் திருப்பி அனுப்புகிறவள் என் வீட்டில் எப்படிப் பிறந்தாள் என்று நான் விட்டத்தைப் பார்ப்பேன். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சாயங்காலம் வந்தார்கள்.

படிவம் வந்த சனிக்கிழமை மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். மனைவி வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்திருந்தாள். தேநீர் வாசனை பிடித்து அவளுடைய தம்பியும் வந்துவிட்டான். பக்கத்துக் கடை அவனுடையது, பை வியாபாரம். மகள் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்து அந்த வரியை வாசித்தாள்.

"வைக்கறதா, வேண்டாமா?"

"ரெஸ்யூம்ங்கறது வேல கேக்கறவன் குடுக்கறது," என்றான் மச்சான். "நீ படிக்கப் போற பொண்ணு. படிச்சு முடிச்சிட்டு ஆற அமர எழுது."

"நீ போன காலேஜுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களாடா?" என்றாள் மனைவி.

"நான் மூணு காலேஜுக்குப் பை போட்டிருக்கேன்க்கா. எல்லாத்துலயும் வாசல் வரைக்கும் எனக்கு அத்துப்படி."

"அப்ப வாசலப் பத்திப் படிவத்துல ஏதாவது கேட்டிருந்தா உன்னையே கேக்கறோம், தேநீரக் குடி."

நான் தொண்டையைச் செருமினேன். என் முறை வந்துவிட்டது. "பாப்பா, கண்ணாடி அலமாரியப் பாரு. ஒவ்வொரு செருப்புலயும் எத்தன காலு வச்சிருக்கோம்?"

"ஒத்தக் காலு."

"ஜோடி எங்க?"

"உள்ள, பெட்டில."

"ஏன்? பாக்கறவனுக்கு ஒண்ணு போதும். பிடிச்சிருந்தா அவனே உள்ள வந்து இன்னொண்ணக் கேப்பான். உன் மார்க்கு பளபளன்னு இருக்கு. அத மட்டும் காட்டு. மத்தது வேணும்னா அவங்க கேக்கட்டும்."

மச்சான் தொடையில் தட்டினான். "மச்சான் மச்சான்தான்."

மகள் சிரிக்கவில்லை. படிவத்தைப் பார்த்தபடியே பேசினாள். "அவங்க உள்ள வர்ற ஆளுங்க இல்லப்பா. எண்ணூறு கவரு வரும். பேப்பரப் பாப்பாங்க, கீழ வைப்பாங்க, அடுத்தத எடுப்பாங்க. ரெண்டு வருஷம் நான் எங்க இருந்தேன்னு இந்த நாலு பக்கத்துல எங்கயும் இடமில்ல. அதச் சொல்ல இந்த ஒரு வரிதான் இருக்கு."

"அதச் சொல்லி?"

"அதனாலதானப்பா இந்தப் படிப்பே கேக்கறேன்."

எனக்கு அப்போது அது புரியவில்லை. புரியாததைப் புரிந்த மாதிரி வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் ஒரு பாதி. "உன் இஷ்டம்" என்றேன்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒரே ஒரு தாள். பெயர், மார்க் எல்லாம் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே இப்படிப் போயிற்று: தந்தை கீழே விழுந்ததால் இரண்டு ஆண்டுகள் அவரது செருப்புக் கடையில் வேலை. தினமும் ஏறத்தாழ இருபது பேரை நிற்க வைத்து, இரண்டு காலுக்கும் பாதம் அளத்தல். இடது கால், வலது கால் அளவு வேறுபட்டவர்களைத் தனியே குறித்து வைத்தல். உணர்ச்சி குறைந்த பாதம் உள்ள நாற்பத்தொரு பேருக்கு உள்பக்கம் தையல் இல்லாத செருப்பைத் தேர்ந்து கொடுத்தல். ஒரு கால் குட்டையான தபால்காரருக்கு அடிப்பாகத்தில் ரப்பர் ஏற்றி, மூன்று முறை மாற்றி, நடையைச் சரிபார்த்தல்.

மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு மகளின் தலையைத் தடவினாள். நான் பாதிவரை படித்து, "நல்லாருக்கு" என்றேன்.

கவரை நானே தபாலில் சேர்ப்பதாகச் சொன்னேன். மொத்த வியாபாரியைப் பார்க்க அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது. மார்க் பட்டியலுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்ததால் கவர் ஒட்டாமல் இருந்தது. ஒட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் கவரிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பினார். அந்தத் தாளை எடுத்து, "இதுக்கும் ஒரு காப்பி போடவா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். "செருப்புக் கடைல வேல பாத்த பொண்ணுங்களா?" என்றார். அவர் குரலில் ஒன்றுமே இல்லை. மழை வருமா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். இத்தனை நாள் யோசித்துப் பார்த்தும் அந்த மனிதர்மேல் என்னால் பழி போட முடியவில்லை.

ஆனால் எனக்கு அந்தத் தாள் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. படித்த பெரிய மனிதர்கள் நாலு பேர் நீள மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் என் மகளின் தாள். 'பாதம் அளத்தல்.' தரையில் குத்தவைத்து, கண்டவன் காலை மடியில் ஏந்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவர்கள் பார்க்கிறார்கள். அவளுக்குப் பின்னால், கல்லாவில், கைத்தடியோடு சொகுசாக உட்கார்ந்திருக்கும் ஒருவனையும் பார்க்கிறார்கள். 'தந்தை கீழே விழுந்ததால்.' விழுந்தவன் எப்போது எழுந்தான் என்று அவர்களில் ஒருவராவது கேட்பாரா, மாட்டாரா?

மகளுக்காகத்தான் எடுத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். எல்லாச் சரக்கையும் விற்றவன் நான்; அந்த ஒரு பொய்யை மட்டும் எனக்கே என்னால் விற்க முடியவில்லை.

"அது வேணாங்க, மத்தத மட்டும் போடுங்க," என்றேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கவரை அங்கேயே ஒட்டினேன். தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தேன். "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இவ்வளவு பேர் விண்ணப்பித்தார்கள், இடங்கள் குறைவு, வருந்துகிறோம், வாழ்த்துகள். காரணம் எதுவும் இல்லை. கடையில் வைத்துத்தான் பிரித்தாள். படித்துவிட்டு, கவருக்குள்ளேயே திரும்பப் போட்டு, மூலைகளை நேர் செய்தாள்.

"நீங்க சொன்னதுதான்ப்பா சரி."

"என்ன சொன்னேன்?"

"மார்க்க மட்டும் காட்டுன்னீங்க. நான்தான் கேக்கல. செருப்புக் கடைன்னு படிச்ச உடனே கீழ வச்சிருப்பாங்க."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு அம்மா குழந்தையோடு உள்ளே வந்தார். பள்ளிக்கூட ஷூ கேட்டார். "வாங்கம்மா, வாங்க" என்று நான் கல்லாவை விட்டே எழுந்துவிட்டேன். வாடிக்கையாளருக்காக நான் அவ்வளவு வேகமாக எழுந்து பல வருடம் ஆகியிருந்தது.

மகள் குழந்தையை உட்கார வைத்தாள். ஒரு காலை மட்டும் அளந்தாள். பெட்டியை எடுத்தாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் காலையில், சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். சாயங்காலம் வரச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவர் காட்டியதை எடுத்துக் கொடுத்து, பையில் போட்டு, "நன்றிங்கய்யா" என்றாள். முப்பது வருடமாக நான் எப்படி விற்றேனோ அப்படியே விற்றாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரமே நான் கல்லூரிக்குப் போனேன். வீட்டில் மொத்த வியாபாரியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். சேர்க்கைப் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். அந்தப் படிப்பில் பாடமும் நடத்துகிறவராம். மேஜை ஓரத்தில் பாதி செதுக்கின ஒரு பிளாஸ்டர் கால் நின்றுகொண்டிருந்தது. நான் மகளுடைய விண்ணப்ப எண்ணைச் சொன்னேன். கோப்பை எடுத்தார்.

"மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் காலியா இருக்கு. என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. இதே மார்க்குல நிறைய பேர் இருந்தாங்க. எங்களுக்கு ஏதாவது ஒண்ணு வேணும் இல்லையா, இவங்களத்தான் எடுக்கணும்னு சொல்றதுக்கு."

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அவர் அதை மேஜைமேல் விரித்து, கையால் நீவிவிட்டுப் படித்தார். நின்றுகொண்டே முழுக்கப் படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"நிக்க வச்சு ரெண்டு காலையும் அளக்கணும்னு யார் சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லைங்க. நான் உக்கார வச்சுத்தான் அளப்பேன்."

"முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு அத மண்டைல ஏத்தவே எனக்கு ஒரு மாசம் ஆகும்." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இது ஏன் அன்னைக்கே வரல?"

"ஜெராக்ஸ் கடைல தவறிப் போச்சுங்க."

பாவம், அந்த மனிதர். கடைசியில் அவர் தலையிலும் ஒன்றை வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டேன். "இருபத்துநாலு பேரு உக்கார்ற இடத்துல இருபத்தஞ்சாவதா ஒருத்தி தள்ளி உக்காந்தா வகுப்பு என்ன சாஞ்சா போயிடும் மேடம்? நாற்காலி வேணும்னா நான் போட்டுத் தர்றேன்."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை, கோபப்படுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் இறங்கச் சொல்லிக் கேட்கலாம். "பட்டியல் போய்ப் பத்து நாள் ஆச்சுங்க. இதுக்கு மேல என் கைல இல்ல. அடுத்த வருஷம் போடச் சொல்லுங்க. இத வச்சுப் போடச் சொல்லுங்க." தாளைத் திருப்பித் தரும்போது, மடித்த கோடுகளிலேயே பார்த்து மடித்துத் தந்தார்.

பேருந்தில் வரும்போது வீட்டில் எப்படிச் சொல்வது என்று பத்து விதமாகப் பேசிப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடையில் விழுந்ததாகச் சொல்லலாம். கல்லூரியிலேயே தொலைத்துவிட்டார்களாம் என்று சொல்லலாம். எல்லாமே நல்ல சரக்கு; மகள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். என்னை நம்பி வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

நான் போனபோது கடையில் யாரும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து வேறொரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அலுவலகக் கணக்கு எழுதும் இரண்டு வருடப் படிப்பு. நான் எட்டிப் பார்த்தேன். 'இடைப்பட்ட காலத்தில் செய்தது' என்று ஒரு கட்டம். அதில் 'வீட்டில் இருந்தேன்' என்று எழுதியிருந்தாள்.

"இது எதுக்கு இப்படி எழுதற?"

"கேக்கறாங்க, எழுதணுமே."

"நீ வீட்லயா இருந்த?"

"கடைன்னு எழுதி ஒரு தடவ போனது போதும்ப்பா."

தாளை எடுத்து அவள் படிவத்தின்மேல் வைத்தேன். அதைக் கண்டதும் அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வேறொரு பிரதி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மடிப்புகளைப் பார்த்தாள். கீழே தன் கையெழுத்தை, நீல மையை, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது போகவே இல்ல பாப்பா."

"கவர்ல வச்சனேப்பா."

"நான் எடுத்துட்டேன். ஜெராக்ஸ் கடைல வச்சு. அதுக்கப்புறம்தான் கவர ஒட்டினேன்."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அவள் தாளை மடித்து, மறுபடி விரித்தாள்.

"அப்ப அவங்க கடைய வேண்டாம்னு சொல்லல."

"இல்லம்மா. இன்னைக்குத்தான் காட்டினேன். அந்த மேடம் ரெண்டு தடவ படிச்சாங்க. அடுத்த வருஷம் இத வச்சுப்..."

"அன்னைக்கு அவங்க இதப் படிக்கவே இல்ல."

"படிக்கல."

"படிச்சிட்டு வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர் மட்டும்தான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அளவு சொல்வதைப் போலச் சொன்னாள். என்னிடம் பதில் இருந்தது, எப்போதும் இருக்கும். உனக்காகத்தான் என்று ஆரம்பித்து, ஊர் உலகம் எப்படிப்பட்டது தெரியுமா என்று இழுத்து, கடைசியில் அவளையே மன்னிப்புக் கேட்க வைத்திருப்பேன். பெரிய பெரிய வியாபாரிகளை அப்படி மடக்கியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். "ஆமா" மட்டும் சொன்னேன்.

"கைத்தடியோட வந்து உக்காந்த அன்னைக்கே உன்னப் போகச் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"தெரியும்ப்பா. சொல்வீங்கன்னு காத்துட்டுதான் இருந்தேன்."

கணக்குப் படிப்பின் படிவத்தை நாலாகக் கிழித்தாள். மடிப்பு விழுந்த தாளை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று நான்தான் கடையைச் சாத்தினேன்.

விஷயம் தெரிந்ததும் மனைவி என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. அது எனக்குப் பழக்கம். அவள் பேசாமல் இருப்பதிலும் ஒரு பேச்சு இருக்கும், பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே பதில் வந்துவிடும். மகள் அப்படி இல்லை. ஒன்றுமே நடக்காதது போலப் பேசினாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், ஏணியில் ஏறாதீர்கள் என்று கண்டித்தாள். கடையை மட்டும் விட்டுவிட்டாள். பொது மருத்துவமனையில் கால் தாங்கி செய்கிற அறையில் உதவிக்கு ஆள் கேட்டிருந்தார்களாம். தானே போய்க் கேட்டுச் சேர்ந்துகொண்டாள். எனக்கு அது மச்சான் சொல்லித்தான் தெரியும். மச்சானுக்கு அவள் சொல்லியிருந்தாள்.

கடையில் இப்போது நான் ஆளை நிற்க வைத்து இரண்டு காலையும் அளக்கிறேன். குனிந்தால் இடுப்பு வலிக்கிறது. "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்கிறார்கள். சிலர், பதிலைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுகிறார்கள்.

இந்த வருடப் படிவம் போன செவ்வாய்க்கிழமை போயிற்று. எப்போது வாங்கினாள், எப்போது எழுதினாள், எனக்குத் தெரியாது. காலையில் புறப்படும்போது தபால் நிலையம் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அவள் வாசலைத் தாண்டும்வரை பொறுத்து, மனைவியிடம் கேட்டேன். "அந்தத் தாள உள்ள வச்சாளா?"

"அவகிட்டயே கேளுங்க."

ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் கேட்டிருப்பேன். அவளும் கவரைப் பிரித்தே காட்டியிருப்பாள்.

கடைக்குப் போனதும் மச்சான் தன் கடை வாசலில் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். பேருந்து நிறுத்தத்தில் மகளைப் பார்த்தானாம்.

"கையில கவர் இருந்ததா?"

"இருந்தது மச்சான்."

"தடிமனா இருந்ததா, மெலிசா இருந்ததா?"

மச்சான் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். மூடின பையைத் தூரத்திலிருந்து பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிறவன் அவன்.

"நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தா," என்றான். "தெரியல."